மைக்ரோகன்ட்ரோலருக்கு எந்த பேசிக் கம்பைலர்? ஒரே மாலையில் சோதித்து முடிவெடுங்கள்

மைக்ரோகன்ட்ரோலர் என்பது ஒரு கருவிக்குள் உட்கார்ந்து அதை இயக்கும் குட்டிக் கணினிச் சிப். அதற்கு "எந்த பேசிக் கம்பைலர் நல்லது?" என்று கேட்டுப் பாருங்கள், பத்துப் பேர் பத்துப் பெயர் சொல்வார்கள். யார் எதில் முதன்முதலாக ஒரு எல்இடியை எரிய வைத்தாரோ அதைத்தான் சொல்வார், அதில் தப்பும் இல்லை. ஆனால் அந்தப் பதில் உங்களுக்கு உதவாது, ஏனென்றால் எல்இடியை எரிய வைப்பது எல்லாக் கம்பைலருக்கும் வரும். உங்கள் வேலையில் எது கஷ்டமான பகுதியோ அந்த ஒரு பகுதியை எது ஒழுங்காகச் செய்கிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் தேர்வு. அது ஒரு சென்சாரின் அளவைத் துல்லியமாகக் கணக்கிடுவதாக இருக்கலாம், திரையில் எழுதிக்கொண்டே பல்ஸ் எண்ணுவதாக இருக்கலாம், 64 பைட் ராமுக்குள் மொத்த வேலையையும் அடக்குவதாகவும் இருக்கலாம். அதை ஒரு தாளில் ஒரே வரியில் எழுதி மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்வதெல்லாம் அந்த ஒரு வரியை மனதில் வைத்துத்தான்.

முதலில், அது கம்பைலர்தானா?

பேசிக் 1964-ல் டார்ட்மத் கல்லூரியில், கணினி படிக்காத மாணவர்களும் கணினியைப் பயன்படுத்தட்டும் என்று உருவாக்கப்பட்ட மொழி. அது சிப்புக்குள் வந்தபோது இரண்டு வழியில் வந்தது. ஒன்று இன்டர்பிரட்டர்: சிப்புக்குள் ஏற்கெனவே ஒரு புரோகிராம் உட்கார்ந்திருக்கும், நீங்கள் எழுதியதை அது ஒவ்வொரு கட்டளையாகப் படித்துப் படித்துச் செய்யும். இன்னொன்று கம்பைலர்: நீங்கள் எழுதியதை உங்கள் கணினியிலேயே அந்தச் சிப்பின் சொந்த மெஷின் கோடாக மாற்றி சிப்பில் ஏற்றும் ஹெக்ஸ் கோப்பாகக் கொடுத்துவிடும். சிப்பில் ஏறிய பிறகு அங்கே பேசிக் என்று எதுவும் மிச்சமிருக்காது.

வேகத்தில் இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதற்கு பேசிக் ஸ்டாம்ப் 2 நல்ல உதாரணம். அது பேசிக்கில் எழுதி ஓட்டும் ஒரு சின்ன போர்டு. அதற்குள் இருந்தது பிக்16சி57 என்ற மைக்ரோகன்ட்ரோலர், பக்கத்தில் 2 கேபி ஈஈப்ராம், அதாவது மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம். உங்கள் புரோகிராம் டோக்கன்களாக, அதாவது சுருக்கக் குறியீடுகளாக, ஈஈப்ராமில் இருக்கும், உள்ளே இருக்கும் இன்டர்பிரட்டர் அதை எடுத்து எடுத்து ஓட்டும், வினாடிக்குச் சுமார் 4,000 கட்டளை. அதே மாதிரி ஒரு பிக் சிப்பை 20 மெகாஹெர்ட்ஸில் நேரடி மெஷின் கோடில் ஓட்டினால் வினாடிக்கு 50 லட்சம் இன்ஸ்ட்ரக்‌ஷன். ஒரு பேசிக் வரிக்குப் பல இன்ஸ்ட்ரக்‌ஷன் செலவாகும் என்று கழித்துக்கொண்டாலும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

பிக்ஆக்ஸும் இன்டர்பிரட்டர் வகைதான். கடையில் வாங்கும் வெற்று பிக் சிப்பில் அது ஓடாது, அவர்களுடைய ஃபர்ம்வேர் (அந்த இன்டர்பிரட்டர்) ஏற்றப்பட்ட சிப்பே வேண்டும். ஆனால் இன்டர்பிரட்டர் என்றாலே ஒதுக்கிவிட வேண்டாம். எம்எம்பேசிக் போன்றவை வேகமான 32-பிட் சிப்களில் ஓடுகின்றன, ராஸ்பெரி பை பிக்கோவிலும் ஓடுகிறது, டெர்மினலைத் திறந்து சிப்பின் உள்ளேயே புரோகிராமைத் திருத்தி உடனே ஓட்டிப் பார்க்கலாம். ஒரே ஒரு கருவி செய்யப் போகிறீர்கள், வேகம் பெரிய விஷயமில்லை, அடிக்கடி திருத்துவீர்கள் என்றால் அதுவே உங்களுக்குப் போதும், இதற்கு மேல் படிக்கத் தேவையே இல்லை. சின்ன சிப், குறைந்த மின்சாரம், மைக்ரோசெகண்ட் அளவில் வேலை, நிறைய எண்ணிக்கையில் செய்ய வேண்டும், இதில் ஏதாவது ஒன்று இருந்தால் கம்பைலர் பக்கம் வாருங்கள்.

சிப்பைப் பொறுத்துத்தான் கம்பைலர்

8-பிட்டில் பேசிக் கம்பைலர்கள் பெரும்பாலும் இரண்டு குடும்பங்களுக்கு உண்டு, பிக்கும் ஏவிஆரும். 2016-ல் அட்மெல்லை மைக்ரோசிப் வாங்கிய பிறகு இரண்டும் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்துவிட்டன, ஆனால் சிப்பின் உள்கட்டமைப்பு அப்படியேதான் வேறு வேறு. கம்பைலர் எழுதுகிறவருக்கு அந்த வித்தியாசம் பெரிய தலைவலி, அது கசிந்து உங்கள் புரோகிராம் வரைக்கும் வரும்.

பழைய பிக்16 சிப்களில் ராம் பேங்க் பேங்காகப் பிரிந்திருக்கும், ஒவ்வொன்றும் 128 இடம், அதிலும் ஒரு பகுதியைச் சிப்பைக் கட்டுப்படுத்தும் ரிஜிஸ்டர்கள் எடுத்துக்கொள்ளும். புரோகிராம் மெமரியும் 2,048 வேர்டு (ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷனுக்கு ஒரு வேர்டு) கொண்ட பக்கங்களாக இருக்கும். திரும்பி வரும் முகவரியை வைக்கும் ஸ்டாக் எட்டே எட்டு நிலைதான். பிக்16எஃப்877ஏ-வில் 368 பைட் ராம் இருக்கிறது என்று டேட்டாஷீட் சொல்லும், ஆனால் நீளமான ஒரு அரேயை (மதிப்புகளின் வரிசையை) நீங்கள் கேட்டால் "ஒரு பேங்குக்குள் அடங்கவில்லை" என்று கம்பைலர் மறுக்கலாம். அந்த மறுப்பைக் கம்பைலரின் குறையாக நினைக்காதீர்கள், சிப் அப்படி. பிக்பேசிக் ப்ரோவில் பிக்16-க்கு எழுதும்போது கோசப்புக்குள் கோசப் (துணைநிரலுக்குள் துணைநிரல்) என்று நான்கு நிலைக்கு மேல் போகக் கூடாது என்பதும் இதனால்தான், எட்டில் மிச்சத்தை அதுவே வைத்துக்கொள்கிறது. பிக்18-ல் ஸ்டாக் 31 நிலை, அங்கே மூச்சு விடலாம். ஏவிஆரில் 32 பொது ரிஜிஸ்டர், ராம் ஒரே நீளமாக, ஸ்டாக்கும் ராமிலேயே. பெரும்பாலான இன்ஸ்ட்ரக்‌ஷன் ஒரே கடிகாரத் துடிப்பில் முடியும், பிக்16-க்கும் பிக்18-க்கும் நான்கு துடிப்பு வேண்டும்.

கையில் எந்தச் சிப்பும் இல்லாமல் புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் யோசனை, பழைய பிக்16-ல் தொடங்காதீர்கள். புத்தகங்களிலும் பழைய சர்க்யூட்களிலும் பிக்16எஃப்84ஏ நிறைய வரும், அதில் ராம் 68 பைட்தான், ஏடிசி (வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) கிடையாது. ஏவிஆர் குடும்பத்து ஏடிமெகா328பி-யில் 32 கேபி ஃப்ளாஷ் (புரோகிராம் இருக்கும் இடம்), 2 கேபி ராம், 1 கேபி ஈஈப்ராம், கற்றுக்கொள்ளும்போது இடம் போதவில்லையே என்று தவிக்க வேண்டியிருக்காது.

சரி, இனி பெயர்கள்.

ஜிசிபேசிக், முன்பு கிரேட் கவ் பேசிக் என்று அழைக்கப்பட்டது. இலவசம், ஓப்பன் சோர்ஸ், கோடு அளவுக்கு வரம்பு இல்லை, 8-பிட் பிக்கும் ஏவிஆரும் இரண்டும் உண்டு. முதல் வரியில் சிப்பின் பெயரையும் வேகத்தையும் கொடுத்துவிட்டால், மற்ற பல அமைப்புகளை அதுவே பார்த்துக்கொள்கிறது. பிக்கில் அனலாக் பின்களைத் தொடக்கத்திலேயே டிஜிட்டலாக மாற்றிவிடுவது இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். இது சின்ன உதவி இல்லை. பிக்16எஃப்628ஏ-வை எடுத்துக்கொள்ளுங்கள், மின்சாரம் கொடுத்ததும் ஏ போர்ட்டின் முதல் நான்கு பின்களும் கம்பரேட்டர் (இரண்டு வோல்டேஜை ஒப்பிடும் பகுதி) பக்கம், அதாவது அனலாக்காக இருக்கும். அதைக் கவனிக்காமல் ஏ0-விலும் ஏ1-லும் இரண்டு எல்இடி வைத்து முதலில் ஏ0-வை எரிய வைக்கிறீர்கள், அது எரிகிறது. அடுத்து ஏ1-ஐ எரிய வைக்கிறீர்கள், அது எரிகிறது, ஏ0 அணைந்துவிடுகிறது! காரணம், ஒரு பிட்டை மாற்றும்போது பிக்16 மொத்தப் போர்ட்டையும் படித்து, ஒரு பிட்டை மாற்றி, மொத்தத்தையும் திருப்பி எழுதும். அனலாக் பின்னைப் படித்தால் எப்போதும் 0 வரும், அந்த 0 அப்படியே திருப்பி எழுதப்படும். இதற்கு கம்பரேட்டர் ரிஜிஸ்டரில் 7 என்று எழுத வேண்டும், ஒரே வரிதான், ஆனால் அந்த ஒரு வரி தெரியாமல் வயரையும் பிரெட்போர்டையும் சிப்பையும் மாற்றிக்கொண்டே ஒரு வாரம் போய்விடும். பிக்பேசிக் ப்ரோவில் அந்த வரியை நீங்களே எழுத வேண்டும். ஜிசிபேசிக்கில் தேவையில்லை.

அதே ஜிசிபேசிக்கில் ஒரு எச்சரிக்கை. அறிவிக்காத மாறியை அது பைட் என்று எடுத்துக்கொண்டு அமைதியாகப் போய்விடும். பெயரில் ஒரு எழுத்து தப்பாக அடித்தால் புதிதாக இன்னொரு மாறி பிறந்துவிடும். அதனால் ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட் வரியை ஒவ்வொரு புரோகிராமின் தலையிலும் போடுங்கள், இதில் சமரசம் வேண்டாம்.

பாஸ்காம்-ஏவிஆர், ஏவிஆருக்கு மட்டும், விண்டோஸில் மட்டும். பல வருடமாக வளர்ந்துவந்த கம்பைலர், எல்சிடி, ஐ2சி, ஒன்-வயர் (சென்சார்களோடு பேசும் வயர் முறைகள்), ரிமோட் கன்ட்ரோல் சிக்னல் என்று கட்டளைகள் மொழிக்குள்ளேயே வந்துவிட்டன, தனியாக லைப்ரரி தேட வேண்டியதில்லை. உள்ளேயே சிமுலேட்டர் இருக்கிறது, எல்சிடி திரையையும் சீரியல் டெர்மினலையும் கணினியிலேயே பார்க்கலாம். சிமுலேட்டரில் வெயிட் கட்டளைகள் நேரத்தைத் தின்னாமல் இருக்க ஒரு டாலர்-சிம் வரி உண்டு. அதை நீக்காமல் சிப்பில் ஏற்றிவிட்டால் காத்திருப்பு எல்லாம் காணாமல் போய், எல்இடி கண்சிமிட்டாமல் மங்கலாக எரிந்துகொண்டே இருக்கும். மங்கலான எல்இடியைப் பார்த்தால் முதலில் அந்த வரியைத் தேடுங்கள்.

பாஸ்காமில் பழகிக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, அது நீண்ட காலமாக ஒரு வரிக்கு ஒரு கணக்கு என்ற வழக்கத்தில் வந்தது. பெருக்கிக் கூட்ட வேண்டும் என்றால் முதல் வரியில் பெருக்கு, அடுத்த வரியில் கூட்டு. சி தெரிந்தவர்களுக்கு எரிச்சல் வரும், எனக்கு இப்போது இதுவே பிடித்திருக்கிறது, நடுவில் வரும் மதிப்பு எந்த மாறியில் போய் உட்காருகிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டு, ஸ்டாக் அளவுகள். ஹார்டுவேர் ஸ்டாக், சாஃப்ட் ஸ்டாக், ஃப்ரேம் என்று மூன்றுக்கும் இடம் நீங்கள் ஒதுக்க வேண்டும். குறைத்து ஒதுக்கினால் கம்பைல் ஆகும், சிப்பில் ஏறும், கொஞ்ச நேரம் ஓடவும் ஓடும், அப்புறம் சம்பந்தமே இல்லாத ஒரு மாறி தானாக மதிப்பு மாறும். "காரணமே இல்லாமல் தப்பாகிறது" என்று தோன்றினால் மூன்றையும் இரண்டு மடங்காக்கி ஓட்டிப் பாருங்கள். பிழை மறைந்தால் நோய் அங்கேதான் இருந்தது.

மைக்ரோபேசிக், செர்பியாவின் மைக்ரோஎலக்ட்ரோனிகா நிறுவனத்துடையது. பிக், ஏவிஆர், ஆர்ம், டிஎஸ்பிக், பிக்32 என்று குடும்பத்துக்கு ஒன்றாகத் தனித்தனிக் கம்பைலர். இதன் மொழி பழைய பேசிக்கை விட பாஸ்கல் மொழிக்கு நெருக்கம், மாறிகளை வகையோடு அறிவிக்க வேண்டும், மாட்யூலாகப் பிரிக்கலாம். யுஎஸ்பி, மெமரி கார்டு, கிராஃபிக் எல்சிடி போன்ற கனமான வேலைகளுக்கு லைப்ரரி தயாராக இருக்கிறது. உங்கள் கஷ்டமான பகுதி இப்படி ஒன்றாக இருந்தால் இதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும், யுஎஸ்பியைச் சொந்தமாக எழுத உட்கார்ந்தால் மாதங்கள் போகும். 32-பிட்டில் பேசிக்கும் வேண்டும் கம்பைலராகவும் வேண்டும் என்றாலும் வழி இந்தப் பக்கம்தான். பிக்16-ல் மட்டும் ஒன்று கவனியுங்கள், மெயின் புரோகிராம் அழைக்கும் அதே ஃபங்க்‌ஷனை இன்டரப்டுக்குள்ளிருந்தும் (நடக்கும் வேலையை இடைநிறுத்தி ஓடும் பகுதி) அழைக்க முடியாது, கம்பைல் ஆகும்போதே தடுத்துவிடும்.

பிக்பேசிக் ப்ரோ பிக்குக்கு மட்டும், பேசிக் ஸ்டாம்ப் பழகியவர்களுக்கு வீடு மாதிரி இருக்கும். பழைய பத்திரிகைத் திட்டங்களும் இணையத்தில் கிடக்கும் பிக் சர்க்யூட்களும் நிறைய இதில்தான் எழுதப்பட்டவை, அவற்றில் ஒன்றைத் திருத்துவதுதான் உங்கள் வேலை என்றால் வேறெதையும் தேடாதீர்கள். புரோட்டானும் அதன் வழிவந்த பாசிட்ரான்8-ம் ஏறக்குறைய அதே வாசனை கொண்ட மொழிதான், ஆனால் அச்சு அசலாக ஒன்றல்ல, அப்படியே எடுத்து ஒட்டினால் அங்கங்கே இடறும். ஸ்வார்ட்ஃபிஷ் பிக்18-க்கு மட்டும், மொழியாக மிக நேர்த்தியானது.

டெமோ வரம்பைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

காசு கொடுத்து வாங்க வேண்டிய கம்பைலர்களில் சிலவற்றுக்கு இலவச டெமோ உண்டு, கோடு அளவுக்கு வரம்பு வைத்திருப்பார்கள். பாஸ்காம்-ஏவிஆர் டெமோவில் 4 கேபி, பிக்குக்கான மைக்ரோபேசிக்கில் 2கே புரோகிராம் வேர்டு. "வெறும் டெமோதானே" என்று இதைத் தள்ளிவிடுகிறவர்கள் அதிகம், தள்ளும் முன்பு உங்கள் சிப்பின் அளவைப் பாருங்கள். பிக்16எஃப்628ஏ-வில் மொத்தமே 2கே வேர்டுதான், அந்தச் சிப்புக்கு அந்த டெமோவின் வரம்பு வரம்பே இல்லை. ஏடிடைனி2313-ல் 2 கேபி, ஏடிமெகா48-ல் 4 கேபி, இரண்டுமே பாஸ்காம் டெமோவுக்குள் முழுசாக அடங்கும். பிக்16எஃப்877ஏ-வில் 8கே வேர்டு, அங்கே டெமோவில் கால்வாசி சிப்தான் கைக்கு வரும். விற்பனைக்கான பொருளில் டெமோவைப் பயன்படுத்தலாமா என்பது வேறு கேள்வி, அதற்கு லைசென்ஸ் வாசகத்தைப் படித்துவிடுங்கள்.

இன்னொரு குழப்பம் இங்கே அடிக்கடி வரும். ஹெக்ஸ் கோப்பின் அளவைப் பார்த்து "11 கேபி ஆகிவிட்டதே, 8 கேபி சிப்பில் எப்படி ஏறும்" என்று பயப்படுவார்கள். ஹெக்ஸ் கோப்பு எழுத்து வடிவம். 16 பைட் தரவை ஒரு வரியாக எழுத, தொடக்கத்து முக்காற்புள்ளி, முகவரி, செக்சம் (சரிபார்ப்பு எண்), வரி முடிவு எல்லாம் சேர்த்து 45 எழுத்து போகிறது. கிட்டத்தட்ட 2.8 மடங்கு. ஆக 11 கேபி ஹெக்ஸ் என்றால் உள்ளே சுமார் 4 கேபி கோடுதான். உண்மையான அளவைக் கம்பைலர் கடைசியில் காட்டும் அறிக்கையில் பாருங்கள்.

மூன்று சோதனை

இரண்டு கம்பைலர்களைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டு, ஒரே சிப்பில், ஒரே பிரெட்போர்டில் இந்த மூன்றையும் இரண்டிலும் செய்யுங்கள். பழகிய கை என்றால் இரண்டு மணி நேரம், புதிது என்றால் ஒரு மாலை முழுக்க.

முதலாவது, நேரம். ஒரு வினாடி எரிந்து ஒரு வினாடி அணையும் எல்இடி. ஸ்டாப்வாட்ச் வைத்து 30 முறை எண்ணுங்கள், 60 வினாடி வர வேண்டும். கம்பைலரிடம் நீங்கள் சொல்லும் கடிகார வேகமும் சிப் உண்மையில் ஓடும் வேகமும் ஒன்றுதானா என்பதை இது காட்டிவிடும். ஏடிமெகா328பி தொழிற்சாலையிலிருந்து வரும்போது உள்ளிருக்கும் 8 மெகாஹெர்ட்ஸை எட்டால் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும்படி ஃபியூஸ் (சிப்பின் அடிப்படை அமைப்பைச் சொல்லும் பிட்கள்) வைக்கப்பட்டிருக்கும். நீங்கள் 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் மாட்டி, புரோகிராமில் 16 என்று எழுதி, ஃபியூஸை மட்டும் தொடாமல் விட்டால் ஒரு வினாடி 16 வினாடியாக நீளும். எல்இடி அசையாமல் இருப்பதைப் பார்த்துச் சிப் செத்துவிட்டது என்று கழற்றிப் போட்டவர்கள் உண்டு. பொறுமையாக 20 வினாடி பாருங்கள். பிக்கில் இந்த ஃபியூஸ் விஷயமெல்லாம் கான்ஃபிக் வரியாகப் புரோகிராமுக்குள்ளேயே எழுதலாம், ஹெக்ஸோடு சேர்ந்தே போய்விடும், அது பெரிய வசதி. பிக்16எஃப்628ஏ-விலும் 877ஏ-விலும் ஏ4 பின்னில் மட்டும் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், அது ஓப்பன் டிரெய்ன், தானாக மேலே இழுக்காது, வெளியே ரெசிஸ்டர் வைத்தால்தான் வோல்டேஜ் வரும்.

எரிந்ததா? இப்போது கம்பைலர் எழுதும் லிஸ்டிங் கோப்பைத் திறந்து, எல்இடியை எரிய வைக்கும் அந்த ஒரு வரிக்கு என்ன அசெம்பிளி வந்திருக்கிறது என்று பாருங்கள். அசெம்பிளி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வரிகளை எண்ணினால் போதும். பிக்கில் ஒரு பிஎஸ்எஃப் (BSF), ஏவிஆரில் ஒரு எஸ்பிஐ (SBI), இரண்டும் ஒரு பிட்டை 1 ஆக்கும் கட்டளை, அவ்வளவுதான் இருக்க வேண்டும், பேங்க் மாற்ற ஒன்றிரண்டு கூடலாம். ஏழெட்டு வரி வந்தால் காரணம் தேட வேண்டும்.

இரண்டாவது, கணக்கு. மூன்றில் இதுதான் முக்கியம், ஏனென்றால் இதில் வரும் பிழை சத்தமே போடாது. 10-பிட் ஏடிசி 0 முதல் 1023 வரை எண் தரும், 5 வோல்ட்டுக்கு அதை மில்லிவோல்ட்டாக மாற்ற வேண்டும், கணக்கு எளிது: எண்ணை 5000-ஆல் பெருக்கி 1024-ஆல் வகு. மாறியை வேர்டு, அதாவது 16 பிட், என்று அறிவித்திருக்கிறீர்கள், விடை 5000-க்குள்தான் வரும், வேர்டில் 65535 வரை அடங்கும், எல்லாம் சரி என்று தோன்றும். ஆனால் நடுவில் ஒரு பெருக்கல் இருக்கிறது. ஏடிசி எண் 13 வரும்போது 13-ஐ 5000-ஆல் பெருக்கினால் 65000, அடங்கிவிட்டது, வகுத்தால் 63, சரியான விடை. எண் 14 ஆகட்டும், 70000, அடங்கவில்லை, 65536 கழிந்து 4464 மிஞ்சும், வகுத்தால் 4. வர வேண்டியது 68. இப்படியே மேலே போனால் 512-க்கு, அதாவது 2.5 வோல்ட்டுக்கு, திரை 4 மில்லிவோல்ட் காட்டும். 1023-க்கு 3 காட்டும். சென்சார் கெட்டுப்போயிருக்கிறது என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும்.

நடுவில் வரும் மதிப்பைக் கம்பைலர் எத்தனை பிட்டில் வைத்துக்கொள்கிறது என்பதுதான் இங்கே கேள்வி, கம்பைலருக்குக் கம்பைலர் இது மாறும். ஒன்று தானாகவே 32 பிட்டுக்கு உயர்த்தும், ஒன்று நீங்கள் லாங் என்று சொன்னால்தான் உயர்த்தும், பிக்பேசிக் ப்ரோவில் லாங் வகையே பிக்18-க்குத்தான் உண்டு. கையேட்டில் தேடுவதை விட 13, 14, 512, 1023 என்ற நான்கு எண்களையும் நேராகப் புரோகிராமில் மாறிக்குள் போட்டு விடையைச் சீரியலில் அச்சிட்டுப் பாருங்கள். மறக்காமல் மாறியில் போடுங்கள், எண்ணையே வரியில் எழுதினால் கம்பைலர் கணினியிலேயே கணக்குப் போட்டுச் சரியான விடையைக் கொடுத்து உங்களை ஏமாற்றிவிடும்.

16 பிட்டுக்குள்ளேயே முடிக்க வேண்டிய கட்டாயம் என்றால் வழி இருக்கிறது: 39-ஆல் பெருக்கி 8-ஆல் வகுங்கள். 1023-க்கு 39897, அடங்குகிறது, வகுத்தால் 4987. உண்மை விடை 4995. எட்டு மில்லிவோல்ட் பிசகு, பெரும்பாலான வேலைக்கு இது போதும், இதற்காக மிதவைப் புள்ளி எண்களை இழுத்து வர வேண்டாம். சின்னச் சிப்பில் ஒரே ஒரு சிங்கிள் (மிதவைப் புள்ளி) மாறி போட்டு அதை அச்சிட்டுப் பாருங்கள், கோடு அளவு எவ்வளவு குதிக்கிறது என்று.

இதோடு சேர்த்து 2 + 3 * 4 என்பதையும் மாறிகளாகப் போட்டுப் பாருங்கள். பள்ளியில் படித்தபடி 14 வர வேண்டும். பிக்ஆக்ஸில் இடமிருந்து வலமாகவே போகும், 20 வரும். பிக்ஆக்ஸிலிருந்து ஒரு புரோகிராமை ஜிசிபேசிக்குக்கோ மைக்ரோபேசிக்குக்கோ மாற்றும்போது இந்த ஒரு விஷயம் போதும், எல்லாம் கம்பைல் ஆகி எல்லா விடையும் தப்பாக வர.

மூன்றாவது, இன்டரப்ட். ஒரு டைமர் ஓடட்டும், அது நிரம்பும்போதெல்லாம் இன்டரப்டில் ஒரு பின் நிலை மாறட்டும். மெயினில் வேண்டுமென்றே இரண்டு வினாடி காத்திருப்பைப் போட்டு, அப்புறம் சீரியலில் ஒரு வரி அச்சிட்டு, மறுபடி காத்திருக்கச் சொல்லுங்கள். இன்டரப்ட் பின்னில் எல்இடி வைத்துப் பாருங்கள். காத்திருப்பின்போதும் அது சீராகத் துடித்தால் உண்மையான இன்டரப்ட். பிக்பேசிக் ப்ரோவின் ஆன் இன்டரப்ட்டில் துடிக்காது. அது ஒவ்வொரு பேசிக் கட்டளையும் முடிந்த பிறகுதான் இன்டரப்ட் வந்ததா என்று பார்க்கும், இரண்டு வினாடி பாஸ் (காத்திருப்புக் கட்டளை) என்றால் இரண்டு வினாடியும் காத்துக்கொண்டிருக்கும். அதில் உண்மையான இன்டரப்ட் வேண்டுமானால் அசெம்பிளி வழியாகத்தான் போக வேண்டும். ஜிசிபேசிக், பாஸ்காம், மைக்ரோபேசிக் மூன்றிலும் டைமர் கேட்ட கணத்தில் உள்ளே போகும். பாஸ்காமில் உள்ளே நுழையும்போது ரிஜிஸ்டர்கள் எல்லாவற்றையும் ஸ்டாக்கில் சேமித்து வெளியே வரும்போது மீட்கும், பாதுகாப்பானது, கொஞ்சம் நேரம் எடுக்கும். நோசேவ் போட்டு அந்த நேரத்தை மிச்சம் பிடிக்கலாம். ஆனால் எந்த ரிஜிஸ்டரைத் தொடுகிறோம் என்று அசெம்பிளியில் பார்த்துச் சொல்லத் தெரிந்த பிறகே அதைச் செய்யுங்கள்.

மூன்றும் முடிந்ததும் தாளில் எழுதி வைத்த அந்த ஒரு வரியை எடுங்கள். உங்கள் கஷ்டமான பகுதியை மட்டும் தனியாக எழுதி, இரண்டு கம்பைலரிலும் ஓட்டுங்கள். மீதிப் புரோகிராமைத் தொடவே வேண்டாம். சென்சாருக்குத் தயார் கட்டளை இருக்கிறது என்று விளம்பரத்தில் போட்டிருப்பதும், அது உங்கள் சிப்பில், உங்கள் கடிகார வேகத்தில் ஓடுவதும் வேறு வேறு. ஓடியதா, எவ்வளவு ஃப்ளாஷ், எவ்வளவு ராம், பிழை வந்தபோது கம்பைலர் சொன்ன செய்தியை வைத்து வரியைக் கண்டுபிடிக்க முடிந்ததா, இந்த நான்கையும் இரண்டு கம்பைலருக்கும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். கடைசிக் கேள்விக்கு நான் அதிக எடை கொடுப்பேன். வேண்டுமென்றே ஒரு இடத்தில் எண்ட் இஃப்பை விட்டுவிட்டுக் கம்பைல் செய்யுங்கள். ஒன்று "42-வது வரியில் தொடங்கிய இஃப் முடியவில்லை" என்கிற மாதிரி கையைப் பிடித்துக் காட்டும், இன்னொன்று கோப்பின் கடைசி வரியில் ஏதோ தப்பு என்று மட்டும் சொல்லும். நூறு வரிப் புரோகிராமில் இது பெரிதாகத் தெரியாது, இரண்டாயிரம் வரியில் தெரியும்.

வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்

லைசென்ஸ் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கணினிக்குப் பூட்டியதா, யுஎஸ்பி சாவியா, இணையத்தில் உறுதிசெய்ய வேண்டியதா. இணைய உறுதிப்பாடு என்றால் அந்த நிறுவனத்தின் சர்வர் இருக்கும் வரைதான் புதுக் கணினியில் நிறுவ முடியும். பேசிக் கம்பைலர்கள் பலவும் ஒருவர் இருவர் உழைப்பில் நிற்பவை, நின்றுபோனவையும் உண்டு. எட்டு வருடத்துக்கு முன்பு செய்து கொடுத்த ஒரு பம்ப் கன்ட்ரோலரில் ஒரே ஒரு எண்ணை மாற்றித் தரச் சொல்லி என்னிடம் கேட்டார்கள். சோர்ஸ் கோப்பு பத்திரமாக இருந்தது. ஆனால் அதைக் கம்பைல் செய்த பதிப்பின் நிறுவும் கோப்பு என்னிடம் இல்லை, விற்ற இடத்திலும் இல்லை. புதிய பதிப்பில் கம்பைல் செய்தால் கோடு 60 வேர்டு பெரிதாகிச் சிப்புக்குள் அடங்கவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து செய்திகளைச் சுருக்கி, இரண்டு துணைநிரல்களை ஒன்றாக்கி உள்ளே தள்ளினேன், மாற்ற வேண்டிய எண்ணோ ஒன்றே ஒன்று.

அன்றிலிருந்து ஒவ்வொரு திட்டத்தின் ஃபோல்டரிலும் சோர்ஸோடு சேர்த்து இவையெல்லாம் போகின்றன: கம்பைலரின் நிறுவும் கோப்பு, பதிப்பு எண், லைசென்ஸ் எண், நான் சேர்த்த லைப்ரரிகள், கடைசியாகச் சிப்பில் ஏறிய ஹெக்ஸ், ஏவிஆர் என்றால் ஃபியூஸ் மதிப்புகள் ஒரு டெக்ஸ்ட் கோப்பில். ஜிசிபேசிக்கில் கம்பைலரின் சோர்ஸே கிடைக்கிறது, ஃப்ரீபேசிக்கில் எழுதப்பட்டது, லினக்ஸிலும் கம்பைல் செய்து ஓட்டலாம், அதனால் பத்து வருடம் கழித்தும் திரும்ப எடுக்க வேண்டிய வேலை என்றால் என் கை முதலில் அதற்குத்தான் போகிறது. யுஎஸ்பி வேண்டும் என்றால் மைக்ரோபேசிக். ஏவிஆரில் எல்சிடி, பட்டன், சில சென்சார், ஒரு வாரத்தில் முடிய வேண்டும் என்றால் பாஸ்காம். பிக்16எஃப்628ஏ மாதிரி சின்னச் சிப்பில் முதல் முறையாக எழுதுகிறவருக்கு ஜிசிபேசிக், ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட் வரியோடு.